பன்னீர் சோடா குடிச்ச மனுஷன்

"அண்ணே, உங்க குடிகாரன் சீனை ஒரே ஒரு தடவ நடிச்சுக் காட்டுங்கண்ணே. ஒரு நிமிஷம் போதும். மொபைல்ல எடுத்துப் போட்டுடறோம்"னு பிரியா கேட்டுது. நான் வேலை பார்த்து ரிட்டயர் ஆன விழிப்புணர்வு நாடகக் குழுவுல இப்ப இருக்கிற பொண்ணு அது. இப்ப அங்க நாடகமே கிடையாது. வேனை வித்துட்டாங்க. ஒரு நிமிஷத்துக்கு வீடியோ எடுத்து போன்லயே ஊருக்கெல்லாம் அனுப்பிடறாங்க. யாரும் யார் மூஞ்சியையும் பார்க்க வேண்டியதில்ல.

முடியாதுன்னுட்டேன்.

"ஏண்ணே? நீங்க தள்ளாடுனா ஊரே சிரிக்குமாமே?"

"சிரிக்கும். அதனாலதான் முடியாதுங்கறேன்"னு வெடுக்குன்னு சொல்லிட்டேன். பாவம், பொண்ணு முகம் சுண்டிப்போச்சு. எனக்குக் கோவம் மூக்கு மேல நிக்கும், என் சம்சாரத்தைக் கேட்டா கதை கதையா சொல்லும். ஆனா அன்னிக்கு வந்த கோவம் பிரியா மேல வந்தது இல்ல. அது கேட்ட கேள்விக்கு ஒழுங்கா பதில் சொல்லிடணும்னுதான் இதை எழுதறேன்.

என் பேரு தணிகாசலம். ஊரு மடுகரை. நான் நடிக்கணும்னு பொறந்தவன் கிடையாது, சைக்கிள் கடையில பஞ்சர் ஒட்டிக்கினு இருந்தவன். கோயில் திருவிழா நாடகத்துல மேடையிலேர்ந்து தவறி விழுந்தேன், ஜனம் விழுந்து விழுந்து சிரிச்சுது. அங்க வந்திருந்த அருளப்பன் சார், "நம்ம குழுவுக்கு வர்றீங்களா? மாசச் சம்பளம் உண்டு"ன்னார். பயிற்சின்னு பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. ஒரு மழைக்காலம் முழுக்க அடிபடாம விழக் கத்துக்கிட்டேன். சாராயக்கடைக்கு எதிர்ல நின்னு, குடிச்சவன் எப்படி நடக்கறான்னு பார்த்தேன். அவன் தள்ளாடணும்னு தள்ளாடல. நேரா நடக்கணும்னு உசிரைக் குடுத்துப் பார்க்கறான், அதுலதான் சிரிப்பு வருது. இந்த ஒண்ணைப் புரிஞ்சிக்கிட்டேன், கடைசிவரைக்கும் பொழப்பு ஓடிச்சு. ஆனா நான் ஒரு சொட்டு தொட்டதில்ல. எங்கப்பா தொட்டதே எங்க வூட்டுக்கு ஏழு தலைமுறைக்குப் போதும்.

அருளப்பன் சார்தான் எங்களுக்கு டைரக்டர், கதை எழுதறவர், எல்லாம். வில்லியனூர் பக்கம், சர்ச் இருக்கிற ஊர்க்காரர். முன்னாடி வாத்தியாரா இருந்தவர். வெள்ளைச் சட்டை, காலருக்குள்ள மடிச்ச கைக்குட்டை. வேன் டிரைவரைக்கூட வாங்க போங்கன்னுதான் பேசுவார். கோவம் வந்தா கத்த மாட்டார். பேச்சு திடீர்னு புஸ்தகத் தமிழா மாறிடும். "தணிகாசலம், தாங்கள் தாமதமாக வந்திருக்கிறீர்கள்"னு சொன்னாருன்னா, அன்னிக்கு எல்லாரும் வாயை மூடிக்கணும்னு அர்த்தம். அதுக்கு நாலு அறை அறைஞ்சிருந்தாலும் பரவால்லன்னு இருக்கும்.

அவருக்குன்னு சில சட்டம் உண்டு. ஆடுற எடத்தை ஊர்க்காரங்களை விட்டுப் பெருக்கச் சொல்லக்கூடாது, நாங்கதான் பெருக்கணும். எடம் கோயில் வாசல்லயும் வேணாம், காலனிக்குள்ளயும் வேணாம். ஊர்ஜனமும் காலனி ஜனமும் ரெண்டும் மூஞ்சி சுளிக்காம வர்ற எடமா பார்க்கணும். பெரும்பாலும் பள்ளிக்கூட மைதானம். நாற்காலியே போடக்கூடாதுன்னு முதல்ல நின்னு பார்த்தார், நடக்கல. புரோகிராமுக்குக் கூப்பிட்டவர் தரையில உக்காருவாரா? ஒரே ஒரு வரிசை போட்டுக்கலாம்னு இறங்கி வந்தார். அந்த ஒரு வரிசை எப்பவும் ஒரே மாதிரி ஆளுங்களாலதான் நிறையும். காலனி ஜனம் கடைசியில நிக்கும், சைக்கிளைப் புடிச்சிக்கினு, இடுப்புல புள்ளைய வெச்சிக்கினு.

இன்னொரு சட்டம், நாடகத்துல வர்ற கெட்டவன் எப்பவும் வெளியூர்க்காரனா இருக்கணும். "அப்போதான் சண்டை வராது"ம்பார். எங்க முதலாளி வேஷம் கட்டற கோவிந்தன் அதனால எப்பவும் "நான் திண்டிவனத்துக்காரன்"னு சொல்லிக்கினே வருவான். பாவம் திண்டிவனம்!

என் வேலை வேற மாதிரி. நான் மத்தவங்களுக்கு முன்னாடியே பஸ்ஸுல போய் எறங்கிடணும். டீக்கடையில உக்காந்து ஊர் அடையாளத்தைப் பொறுக்கணும். எந்த பஸ் வராது, எந்தக் குட்டை நாறுது, யாரு வூட்டு நாய் கடிக்கும், யாரு வேட்டியை மடிச்சு எப்படிக் கட்டுவாரு. அதைச் சாயந்திரம் நாடகத்துல அங்கங்க சொருகுவேன். "அட, நம்ம ஊர் குட்டைடா!"ன்னு ஜனம் நிமிர்ந்து உக்காரும். அதுக்கப்புறம் நாங்க சொல்ற புத்திமதி காதுல ஏறும். எனக்கு வேண்டியது அடையாளம்தான், கதை வேணாம். யாராவது கதை சொல்ல ஆரம்பிச்சா டீக்குக் காசு குடுத்துட்டு எழுந்துடுவேன்.

நான் சொல்ல வந்த நாடகம் பூச்சிமருந்து பத்தினது. முனியன்னு ஒரு கூலி ஆளு, அது நான். முதல் சீன்ல காலங்காத்தால குடிச்சிட்டு வருவான், சிரிப்பு அள்ளிக்கினு போவும். அப்புறம் முதலாளி நெலத்துக்கு மருந்தடிக்கப் போவான். மூக்கைக் கட்ட ஒண்ணும் குடுக்க மாட்டாங்க. காத்துக்கு எதிர்ல அடிப்பான், வரப்புல விழுவான். அவனைச் சுத்தி ஒவ்வொருத்தரா வந்து நிப்பாங்க. மருந்து வித்தவன், முதலாளி, முதலாளி சம்சாரம், பக்கத்து வயல்காரன். எல்லாரும் "எனக்கு இன்னா தெரியும்"னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. நான் பொணமா நடுவுல கிடப்பேன். அப்ப அருளப்பன் சார் மைக்கோட வந்து ஜனத்தைப் பார்த்துக் கேப்பார். "சொல்லுங்க, இந்தச் சாவுக்கு யாரு பொறுப்பு?" அந்தக் கேள்வியைக் கேக்காம நாடகம் முடியக்கூடாது, பதில் வர்ற வரைக்கும் பொணம் கண்ணைத் திறக்கக்கூடாது. ரெண்டுமே அவர் சட்டம்தான். கடைசியில தேசிய கீதம்.

கிருமாம்பாக்கம் பக்கத்துல ஒரு ஊர்ல ஒரு பெரியவர் எழுந்து, "காத்துதான் சார் பொறுப்பு. அது திரும்பி வீசிச்சு"ன்னார். ஊரே கைதட்டுச்சு. திரும்பி வர்றப்ப சார் வேன்ல சொன்னார், "காத்தைக் கைது பண்ண முடியாது தணிகாசலம். அதான் எல்லாருக்கும் புடிச்சிருக்கு." மத்த ஊர்லயெல்லாம் பதில் ஒண்ணே ஒண்ணுதான். முன்வரிசையில ஒருத்தர் சொல்வார், பின்னாடி எல்லாரும் கையைத் தூக்குவாங்க. "குடிதான் சார்! அவன் குடிச்சான், செத்தான்!" முதலாளின்னு ஒரு ஊர்லயும் யாரும் சொன்னதில்ல. முதலாளிதான் நாற்காலியில உக்காந்திருக்காரே.

அந்த ஊரு செலியமேட்டுக்கு அந்தாண்ட. பேரு வேணாம், அங்க இன்னும் ஜனங்க குடித்தனம் பண்றாங்க. நாங்க போனது ஒரு தை மாசம், அறுப்பு முடிஞ்ச நேரம். கூப்பிட்டவர் சபாபதின்னு பெரிய வூட்டுக்காரர். நெல்லும் கரும்புமா ஏகப்பட்ட நெலம். அவரைக் கொடுமைக்காரர்னு யாராலயும் சொல்ல முடியாது. அதிர்ந்து பேச மாட்டார். நாங்க எறங்கின உடனே தன் கையாலயே தண்ணி மொண்டு குடுத்தார்.

நான் வழக்கம்போல முன்னாடியே போயிட்டேன். பஸ் ஸ்டாப் டீக்கடையில கூட்டம். பின்பக்கம் ஒரு பொம்பள கிளாஸ் கழுவிக்கினு இருந்துது. முப்பது வயசு இருக்கும். கை கழுவப் போனப்ப அதுதான் கேட்டுது.

"இன்னா நாடகம்ணா?"

"மருந்தடிச்சு செத்துப்போற ஆளைப் பத்திம்மா."

கிளாஸ் கழுவற கை நின்னுபோச்சு. கடைக்குள்ள ஒரு பார்வை பார்த்துட்டு, குரலைத் தாழ்த்திக்கினு, "செத்தவரு எப்பிடி இருப்பாரு நாடகத்துல?"ன்னுது.

"எப்படி இருந்தா நல்லா இருக்கும், நீயே சொல்லேன்"ன்னேன் சிரிச்சிக்கினே. என் தொழில் அதுதானே.

"பச்சைத் துண்டு. தலைப்பா கட்ட மாட்டாரு, கழுத்தைச் சுத்திப் போட்டுக்குவாரு. வேலை முடிஞ்சு வந்தா ஒரு பன்னீர் சோடா. வேற ஒண்ணும் கிடையாது. அந்த ஒண்ணுதான் அவருக்கு." கொஞ்சம் நிறுத்தி, "நாடகத்துல முதலாளி வர்றாரா? அவரு காரு சீட்டுல கம்பெனி போட்ட பிளாஸ்டிக் கவரை இன்னும் பிரிக்கலைன்னு சொல்லுங்க"ன்னுது.

எனக்குப் பரம சந்தோஷம். பிரிக்காத பிளாஸ்டிக் கவர்! இந்த மாதிரி அடையாளம் லேசுல மாட்டாது. அந்தப் பொம்பள பேரைக்கூடக் கேக்கல. அது எதுக்குச் சொல்லுதுன்னும் கேக்கல. பன்னீர் சோடா ஒரு பாட்டில் வாங்கிப் பையில வெச்சிக்கினு கிளம்பிட்டேன். எங்க முனியன் குடிகாரன்னு அதுகிட்ட நான் சொல்லவும் இல்ல. சொல்லணும்னு தோணவே இல்ல. கூலி ஆளுன்னா குடிப்பான். எங்க நாடகத்துல குடிக்காத கூலி ஆளே கிடையாது.

பொழுது சாயற நேரத்துக்கு ஆரம்பிச்சோம். சபாபதிக்குப் பொன்னாடை போட்டு நடு நாற்காலியில உக்கார வெச்சாங்க. நான் கழுத்தைச் சுத்திப் பச்சைத் துண்டோட வந்தேன். பின்னாடி நின்ன ஜனத்துக்குள்ள சலசலன்னு ஒரு பேச்சு. ஆகா, புடிச்சிட்டோம்னு நெனைச்சேன். பன்னீர் சோடாவை எடுத்தேன், இடுப்புலேர்ந்து ஒரு குவார்ட்டர் பாட்டிலை எடுத்து அதுல ஊத்திக் கலந்தேன், ஒரே மடக்கு. அப்புறம் நேரா நடக்கப் பார்த்தேன்.

நாற்காலி வரிசை சிரிச்சுது. சின்னப் பசங்க சிரிச்சாங்க. பின்னாடி ஒருத்தர்கூட சிரிக்கல. மேடையில நிக்கறவனுக்கு அது உடம்புலயே தெரியும். விட்டேனா? இன்னும் ரெண்டு தடவ விழுந்தேன்.

அப்புறம் நான் வரப்புல செத்து விழுந்தேன், கண்ணை மூடிட்டேன். மத்தது எல்லாம் காதால கேட்டதுதான். கோவிந்தன் முதலாளியா வந்து, நான் சொல்லிக் குடுத்திருந்தபடி, "அவனைக் கார்ல ஏத்தாதீங்கடா! வாந்தி எடுக்கறான், சீட்டு கவர் இன்னும் பிரிக்கவே இல்ல!"ன்னான். இந்த எடத்துல சிரிப்பு வரும்னு நான் காத்துக்கினு கிடக்கறேன். ஒரு இருமல் சத்தம்கூட இல்ல. கோவிந்தன் அவசரமா எப்பவும் சொல்ற வசனத்துக்குப் போயிட்டான். "காலையிலேயே குடிச்சிட்டு வந்தான். நான் இன்னா பண்றது?"

சார் மைக்கை எடுக்கற சத்தம் கேட்டுது. அவர் வாயைத் திறக்கறதுக்குள்ள பின்னாலேர்ந்து ஒரு குரல்.

"அவரு குடிக்க மாட்டாருய்யா!"

ஜனத்தைத் தள்ளிக்கினு ஓடி வர்ற காலடி. என் தலைமாட்டுல வந்து நின்னுது. டீக்கடைப் பொம்பளதான். "அவரு குடிக்க மாட்டாரு! எல்லாருக்கும் தெரியும்ல? வாயத் தொறந்து சொல்லுங்களேன்! கவர் அழுக்காயிடும்னுதானே வண்டியில ஏத்தல? மூட்டை ஏத்தற வண்டியில போட்டு எட்த்துக்கினு போனோம், பாதி வழியிலயே போயிட்டாரு. குடிச்சி செத்தான், குடிச்சி செத்தான்னு..." அதுக்கப்புறம் குரல் கீழே குனிஞ்சு எனக்கு நேரா வந்துது. "உன்கிட்ட அதுக்காய்யா சொன்னேன்?"

நான் கண்ணைத் திறக்கல. பொணம் கண்ணைத் திறக்கக்கூடாது. அந்தச் சட்டத்துக்குப் பயந்துக்கினு கிடந்தேன்னு சொன்னா பொய். அந்த மூஞ்சியைப் பார்க்கத் தைரியமில்ல, அவ்ளோதான்.

சார் இப்ப கேக்கணும். "யாரு பொறுப்பு?" ஒரே கேள்வி. ஒரு ஊர்லயும் அவர் கேக்காம விட்டதில்ல. நான் மூச்சைப் புடிச்சிக்கினு காத்துக்கினு இருக்கேன். எனக்குக் கேட்டது கேள்வி இல்ல, ஸ்பீக்கர்ல தேசிய கீதம். சார் கையைக் காட்டியிருக்கார், ஆபரேட்டர் போட்டுட்டான்.

என்ன பண்றது? செத்துக் கிடந்த நான் எழுந்து நின்னேன். நாற்காலி வரிசை எழுந்து நின்னுது. என் பக்கத்துல அந்தப் பொம்பளயும் பேச்சைப் பாதியில நிறுத்திட்டு, ரெண்டு கையையும் தொடையோட ஒட்டி வெச்சிக்கினு நேரா நின்னுது. பள்ளிக்கூடத்துல பழக்கியிருக்காங்கல்ல. கண்ணுல தண்ணி ஒழுகி மோவாய்வரைக்கும் வந்துது, துடைக்கல. முடிஞ்ச உடனே ரெண்டு பொம்பளைங்க வந்து அதை இட்டுக்கினு போயிட்டாங்க. ஜனமும் கலைஞ்சிடுச்சு.

அந்தப் பொம்பள பேரு அஞ்சலை, சபாபதி நெலத்துல மருந்தடிக்கப் போய்ச் செத்தவர் அதோட வூட்டுக்காரர் ஏழுமலை, சம்பவம் நடந்து மூணு மாசம்தான் ஆச்சுன்னு டீக்கடைக்காரர் அப்புறம்தான் காதோட சொன்னார். "மனுஷன் பீடிகூடப் புடிக்க மாட்டான் சார். ஆனா நாங்க இன்னா பண்றது, பெரிய வூட்டுல குடிச்சான்னு சொல்லிட்டாங்க. ஊரும் அப்பிடியே சொல்லுது"ன்னார்.

கூப்பிட்டவர் வூட்டுல சாப்பாடு, அது எப்பவும் வழக்கம். நான் வயித்து வலின்னு சொல்லி வாசல்லயே உக்காந்துட்டேன். உள்ள சார் இலையில உக்காந்து சாப்பிட்டார். சபாபதி பக்கத்துல நின்னு பரிமாறச் சொல்லிக்கினு இருந்தார். "அந்தப் பொண்ணு பாவங்க. அது வூட்டுக்கு நான்தான் அரிசி அனுப்பறேன், வெளிய சொல்லிக்கறதில்ல"ன்னார். அப்புறம் சபாபதியே, "அன்னிக்குக் கார் சாவி எம் புள்ளகிட்ட இருந்துது"ன்னார். சாவியைப் பத்தி அங்க ஒருத்தரும் கேக்கல.

வேன் பாகூர் தாண்டிச்சு. எனக்குத் தாங்கல.

"கேள்வியை ஏன் சார் கேக்கல?"

சார் ஜன்னல் பக்கமே பார்த்துக்கினு இருந்தார். "கேட்டிருந்தா இன்னா பதில் வந்திருக்கும் தணிகாசலம்?"

"அதான் அந்தப் பொண்ணு சொல்லிச்சே!"

"அது சொல்லிச்சு. ஊரு? முன்வரிசையில ஒருத்தர் 'குடிதான் சார்'னு சொல்லியிருப்பார். பின்னாடி எல்லாரும் கையைத் தூக்கியிருப்பாங்க. அது நின்னு பார்த்துக்கினு இருந்திருக்கும். அதுவும் நடக்கணுமா?"

"அதுக்காக அந்த வூட்டுல சாப்பிடணுமா சார்?"

"சாப்பிடாம எழுந்து வந்தா, நாளைக்கு அந்த வூட்டு ஆத்திரம் யார்மேல விழும்? நம்ம மேலயா?" புஸ்தகத் தமிழ் வரும்னு பார்த்தேன், வரல. காலர் கைக்குட்டையை எடுத்து மடிச்சிக்கினே, "நான் எழுதினப்ப முனியன் குடிக்கல"ன்னார்.

"இன்னா சார் சொல்றீங்க?"

"குடிக்காத ஆளாத்தான் எழுதினேன். திட்டத்துக்குப் பணம் குடுக்கறவங்க, மதுவையும் சேர்த்துக்குங்க, ஒரே செலவுல ரெண்டு விழிப்புணர்வுன்னாங்க. சரின்னுட்டேன். சிரிப்பும் வந்துது. இந்த சபாபதி போன் பண்ணப்பகூட முதல்ல கேட்டது அதுதான். 'குடியோட கேடு நல்லா வருமில்ல சார்?' நான் பெருமையா, எங்ககிட்ட தணிகாசலம்னு ஒரு ஆள் இருக்கார், நீங்க பாருங்கன்னேன்."

அப்பதான் எனக்கு முழுசா விளங்கிச்சு. ஒரே நாடகத்துக்கு ரெண்டு பேரு ஆர்டர் குடுத்திருக்காங்க. பெரிய வூட்டுக்காரர் போன்ல சொன்னார். கிளாஸ் கழுவறவ என் காதுல சொன்னா. ரெண்டு பேரு சொன்னதையும் வாங்கிக்கினு, பெரிய வூட்டுக்கு வேண்டியதை அந்தப் பொண்ணு குடுத்த துணியிலயே தைச்சுக் குடுத்துட்டோம். சார் அந்தப் பொண்ணைக் காப்பாத்தினாரா, இல்ல நாற்காலி வரிசைக்குப் பயந்தாரா, இன்னிக்கும் எனக்குத் தெரியல. ரெண்டும்தான் இருக்கும். சார் தவறிப்போய், அவர் அடக்கத்துக்குப் போயிருந்தப்பகூடப் பெட்டியைப் பார்த்துக்கினே மனசுக்குள்ள சண்டை போட்டுக்கினுதான் நின்னேன்.

மறுநாளே சொல்லிட்டேன், முனியன் இனிமே குடிக்க மாட்டான்னு. சார் சரின்னார். நாலஞ்சு ஊர்ல அப்படியே போட்டோம். முதல் சீன்லயே ஜனம் எழுந்து போக ஆரம்பிச்சுது. பணம் குடுக்கறவங்க பார்த்துட்டு, பழையபடி போடுங்கன்னாங்க. சேகர்னு ஒரு புது ஆள் வந்தான், நல்லா தள்ளாடுவான். கோவிந்தன் வேற வேலைக்குப் போயிட்டதால எனக்கு முதலாளி வேஷம். ரிட்டயர் ஆகறவரைக்கும் நான் திண்டிவனத்துக்காரன்தான்.

இதோட முடிஞ்சிருந்தா பரவால்ல. போன ஆவணியில கிருமாம்பாக்கம் பஸ் ஸ்டாப்புல நிக்கறேன், ஒரு பொம்பள என்னையே உத்துப் பார்த்துது. தலை நரைச்சிருந்துது. "நீங்க குடிகாரரா நடிச்சவருதானே?"ன்னுது. திட்டட்டும், அடிக்கட்டும், வாங்கிக்கலாம்னு நின்னேன்.

அஞ்சலை திட்டல. "உங்களத்தாண்ணா தேடிக்கினு இருந்தேன். எம் புள்ள அப்பனை நம்ப மாட்றான். ஸ்கூல்ல பசங்க, 'உங்கப்பன் குடிச்சி செத்தத நாடகமாவே போட்டாங்களே'ன்னு சொல்லியே வளர்ந்துட்டான். நான் சொன்னா, 'போம்மா, ஊரே சொல்லுது'ன்றான். நீங்க வந்து அது நடிப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அது போதும்ணா. எனக்கு வேற எதுவும் வேணாம்."

அப்பவே அது கூடவே பஸ் ஏறிட்டேன்.

காலனி வூட்டு வாசல்ல வெள்ளைக் கார் ஒண்ணு நின்னுது. இருபது தாண்டின பையன் ஒருத்தன் பின் சீட்டைத் துணி போட்டுத் துடைச்சிக்கினு இருந்தான். "விக்னேசு. பெரிய வூட்டு வண்டிய இவன்தான் ஓட்றான்"னு அஞ்சலை என் மூஞ்சியைப் பார்க்காமலே சொல்லிட்டு, "டேய், மாமா வந்துகீறாரு, பேசு. நான் டீ போடறேன்"னு உள்ள போயிடுச்சு.

நான் அவன் பக்கத்துல போய் நின்னேன். "தம்பி, அந்த நாடகத்துல குடிச்சது நான்பா. உங்கப்பா இல்ல. உங்கம்மா குடுத்த அடையாளத்தை நான்தான் தப்பா எடுத்துப் போட்டுட்டேன். அவர் பன்னீர் சோடாவைத் தவிர..."

"மாமா, மெதுவா பேசுங்க, அம்மா உள்ள கீது"ன்னான். துணியை உதறி மடிச்சான். "அவரு குடிக்க மாட்டாருன்னு எனக்குத் தெரியாதா? பன்னீர் சோடா வாங்கியாற நான்தானே ஓடுவேன். மூடி தொறந்து முதல் வாய் எனக்குத்தான் குடுப்பாரு."

"அப்புறம் ஏன்பா? பெத்தவ இத்தனை வருஷமா அதுக்குத்தானே உயிரை விட்டுக்கினு கீறா? நம்பறேன்னு ஒரு வார்த்தை சொன்னா இன்னா?"

அவன் கார் கதவை மெதுவா, சத்தம் வராம சாத்தினான். "நம்பறேன்னு வாயால சொல்லிட்டா, அப்பறம் நாளைக்குக் காலையில நான் எந்த மூஞ்சோட இந்த வண்டிய எடுக்கறது? எங்கம்மா எடுக்க வுடுமா? சொல்லுங்க மாமா. வூட்டு லோனு ஓடிக்கினு கீது. நீங்க வேற வேலை வாங்கித் தருவீங்களா?"

இத்தனை வருஷம் ஊர் ஊரா போய்க் கேள்வி கேட்ட குழுவுல இருந்தவன், அந்தப் பையன் கேட்டதுக்கு ஒரு பதில் சொல்லத் தெரியாம நின்னேன்.

அஞ்சலை டீ கிளாசோட வெளிய வந்துது. எங்க ரெண்டு பேரு மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பார்த்துது.

"சொல்லிட்டீங்களாண்ணா? நம்புனானா?"

பையன் என்னையே பார்த்துக்கினு நின்னான். கண்ணாலயே கெஞ்சினான்.

"இல்லம்மா"ன்னேன். "நம்ப மாட்றான்."

அந்த மனுஷனை ரெண்டாவது தடவையும் குடிகாரனாக்கினது நான்தான் பிரியா. மூணாவது தடவ வேணாம்மா.